மெஸ் அக்காவின் நம்பர்

எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்கள் நிரப்பும் படிவத்தில் பதினேழாவது கட்டம் ஒன்று உண்டு. ‘உள்ளூரில் தொடர்புகொள்ள வேண்டியவர்: பெயர், உறவு, கைப்பேசி எண்.’ இதை யோசித்துப் போட்ட மகராசன் ஓசூர்ப் பக்கமே வந்திருக்க மாட்டான் என்று அடித்துச் சொல்வேன். இந்த ஊருக்கு வேலை கேட்டு வருகிறவனுக்கு உள்ளூரில் ஆள் ஏது? திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வருகிறான். ஒடிசாக்காரன் ரயிலில் வருகிறான். வந்து இறங்கும்போது அவனுக்குத் தெரிந்த ஒரே உள்ளூர் ஆள் அவனைக் கூட்டிவந்த காண்ட்ராக்டர்தான். காண்ட்ராக்டர் தன் நம்பரைக் கொடுக்க மாட்டார்.

நான் அந்தக் கம்பெனியின் டைம் ஆபீஸில் பதினாறு வருடமாக இருக்கிறேன். வண்டிகளுக்கு உதிரிபாகம் கடையும் தொழிற்சாலை. டைம் ஆபீஸ் என்பது கேட்டை ஒட்டிய ஒரு அறை. யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, யாருக்கு கேட் பாஸ், யார் புதிது என்பதெல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான் போகும். காகிதப் படிவம் இருந்த காலத்தில் பதினேழாவது கட்டத்தை நான் கண்டுகொண்டதே இல்லை. காலியாக இருந்தாலும் கையெழுத்தை வாங்கிக்கொண்டு உள்ளே தள்ளிவிடுவேன். கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் முளைத்தது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.

காலை ஷிப்டுக்கு முன்னால் ஜன்னலுக்கு வெளியே இருபது பேர் நிற்பார்கள். முதல் ஆளே அந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டு பேந்தப் பேந்த விழிப்பான். எனக்குப் பொறுமை பிறவியிலேயே கொஞ்சம் குறைச்சல்.

“எங்கப்பா சாப்புடற?” என்பேன்.

“ரெண்டாவது கேட்டுக்குப் பின்னாடி, மெஸ்ஸுல, மேடம்.”

“அப்ப அந்த மெஸ் அக்கா நம்பரப் போடு. உறவுன்னு கேக்கற எடத்துல அத்தைன்னு போடு. ஆச்சா? அடுத்த ஆளு வா.”

இப்படித்தான் ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் நான் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போனது. ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதினான். அந்த மெஸ்ஸில் எங்கள் ஆட்கள் மட்டுமா சாப்பிட்டார்கள்? சுற்றியிருந்த ஏழெட்டுக் கம்பெனிகளின் ஒப்பந்தத் தொழிலாளிகளும் அங்கேதான். அவர்களும் தங்கள் படிவங்களில் அதே நம்பரைப் போட்டார்கள். என் வீட்டுக்காரரின் நம்பர் எனக்கு மனப்பாடம் கிடையாது. மெஸ் அக்காவின் நம்பர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

மெஸ் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தகரக் கூரை, நாலு நீளமேஜை, வாசலில் பெயின்டால் எழுதிய கைப்பேசி எண், அவ்வளவுதான் மெஸ். அவருடைய வீட்டுக்காரர் லாரியில் சுமை ஏற்றும் வேலை செய்தவர், நெஞ்சுவலியில் போய்விட்டார். ஒரே மகள். அக்காவின் முன்னால் தட்டை வைத்துவிட்டு யாரும் பாதி வயிற்றோடு எழுந்திருக்க முடியாது. “என்னா, எலி கொறிக்கறாப்பல சாப்புடற?” என்று கரண்டியோடு வந்து நிற்பார். மத்தியானம் நானும் அங்கேதான் சாப்பிடுவேன். தேன்கனிக்கோட்டையிலிருந்து காலை ஆறேகால் பஸ்ஸைப் பிடிக்கிறவளுக்கு டப்பா கட்ட நேரம் ஏது?

நம்பரை இப்படிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவரிடம் நான் சொன்னது, கொடுக்க ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்துத்தான். அவர் ஒன்றும் கேட்காமல் தலையாட்டினார்.

“அதான் போன் வருதா! ஒரு பொண்ணு கேக்குது, இவரு உங்களுக்கு என்னா வேணும்னு. நான் நம்ம புள்ளதாங்கன்னு சொன்னன்.”

“உறவு அத்தைன்னு எழுதியிருக்குது, அக்கா.”

“அத்தைக்கும் புள்ளதான?”

சரிபார்ப்பதற்காக கம்பெனிகளிலிருந்து போன் வரும்போதெல்லாம் அவர் அதே பதிலைத்தான் சொன்னார். ஆமாங்க, நம்ம புள்ளதாங்க. இல்லை என்று சொன்னால் அந்தப் பையனின் வேலை போய்விடும் என்று பயந்தார். அது வெறும் வாய் வார்த்தையும் இல்லை. ஒரு தடவை எங்கள் பிரஸ் ஷாப்பில் விழுப்புரத்துக்காரன் ஒருவனுக்கு இரண்டு விரல் நசுங்கிவிட்டது. பதினேழாவது கட்டத்தைப் பார்த்துத்தான் போன் போனது. அக்கா கொதிக்கிற உலையை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அவனுடைய சொந்த அம்மா ஊரிலிருந்து வந்து சேரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டம் எதற்காக வைக்கப்பட்டதோ அந்தக் காரியம் நடந்தது. அதனால் நான் செய்வது தப்பு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இனி திருட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் இன்சர்ட் என்று ஒரு சாமான் உண்டு. இரும்பைக் கடைகிற எந்திரத்தின் முனையில் மாட்டுவது, சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். நல்ல விலை போகும் உலோகம். சட்டை மடிப்பில், பெல்ட்டுக்குள், எங்கே வேண்டுமானாலும் ஒளித்துக் கொண்டுபோகலாம். ஒரு கம்பெனியில் பிடிபட்டு விரட்டப்பட்டவன் அடுத்த வாரமே வேறு காண்ட்ராக்டர் மூலம் அடுத்த கம்பெனியில் சேர்ந்துவிடுவான். செக்யூரிட்டி அதிகாரிகள் டீக்கடையில் சந்தித்து இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்புவார்கள். பிறகு ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்து, பிடிபட்டவர்களின் போட்டோவைப் போட்டார்கள். பிறகு பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி வந்து இதற்கென்றே ஒரு ஆப் கொடுத்தது. ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் ஆட்களின் படிவத்தை அதில் ஏற்ற வேண்டும். எங்கேயாவது ஒருவன் மாட்டினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

எங்கள் கம்பெனியில் அந்தப் படிவங்களை ஏற்றுகிற வேலை எனக்கு வந்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த ஆப் பிடித்திருந்தது. ஒருநாள் ஜன்னலில் நின்றவனின் போட்டோவை ஏற்றியதும் திரை சிவந்தது. வேறொரு பெயரில் வேறொரு இடத்தில் காப்பர் கம்பியோடு பிடிபட்டவன். கேட்டிலேயே திரும்பிப் போனான். அன்று முழுக்க எனக்குப் போலீஸ் உத்தியோகம் கிடைத்தது போல் ஒரு மிதப்பு. வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன். அவர் முதல் தடவையே போதும் என்றார்.

பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒருவன் தயிர்சாத டப்பாவின் அடியில் இன்சர்ட்டுகளோடு மாட்டினான். பத்து நாள் கழித்து வேறொரு இடத்தில் இரண்டு பேர். மூன்று பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியுமா என்பதுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று பேரும் மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள். மூன்று பேரின் பதினேழாவது கட்டத்திலும் ஒரே நம்பர்.

எங்கள் செக்யூரிட்டி அதிகாரி பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தெலுங்கு, கேட்டில் கன்னடம், என்னோடு தமிழ். நல்ல மனிதர். அவர்தான் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். நடுவில் ஒரு மஞ்சள் வட்டம். அதிலிருந்து நாலாபக்கமும் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு முகம். அறுபதுக்கு மேல் இருக்கும். பாதி முகங்களை நான்தான் போட்டோ எடுத்திருந்தேன்.

“பெரிய நெட்வொர்க்குங்க மேடம். எட்டு கம்பெனி. எல்லாருக்கும் ஒரே ஆளுதான் லோக்கல் கான்டாக்ட். ஆப்பே கண்டுபுடிச்சிருக்கு, பாருங்க.”

வட்டத்துக்குள் இருந்த நம்பரைப் படிக்க எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. அந்த நிமிடமே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன? இத்தனை வருடமாகப் பொய்யான உறவை எழுதச் சொன்னவள் என்று என் பெயர் வெளியே வந்தால் என் வேலை என்னாகும் என்று நினைத்தேன். “அப்பிடிங்களா சார்” என்று சொல்லிவிட்டு என் அறைக்கு வந்து, வந்தவர் வராதவர் கணக்கைப் பார்த்தேன். மத்தியானம் மெஸ்ஸுக்குப் போகாமல் பன் வாங்கித் தின்றேன்.

அக்காவின் மகள் எங்கள் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளியாக நாலு வருடம் இருந்தவள். டிப்ளமோ படித்தவள், கைநுணுக்கம் உள்ளவள். நாலு வருடமும் ஒவ்வொரு ஏப்ரலிலும் அவளை நிரந்தரமாக்குவதாகச் சொல்லி ஏமாற்றினார்கள். அவளுக்குப் புதிதாக வந்த ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நேரடி வேலை கிடைத்திருந்தது. எழுத்துத் தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்து, சேருகிற தேதியும் வந்துவிட்டது. பழைய இடத்தின் விடுவிப்புக் கடிதம் கேட்டதால் எங்களிடம் ராஜினாமாவும் கொடுத்துவிட்டாள். அந்தக் கடிதத்தை அடித்துக் கொடுத்தவளும் நான்தான். அக்கா அன்று மெஸ்ஸில் எல்லாருக்கும் கேசரி போட்டார்.

ஒரு வாரம் கழித்து அவள் என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். எப்போதும் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறவள். போனை நீட்டினாள். புதுக் கம்பெனி அனுப்பிய செய்தி. ‘சரிபார்ப்பு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது’ என்று இருந்தது.

“எனக்குன்னு ஒண்ணுமே இல்லீங்களே ஆன்ட்டி. எதுக்கு நிறுத்தி வெச்சிருக்காங்க?”

அவளுடைய படிவத்திலும் அந்த நம்பர்தான் இருந்தது. தாயின் பெயர், தாயின் கைப்பேசி எண். அத்தனை முகங்களிலும் உள்ளதை உள்ளபடி எழுதியவள் அவள் ஒருத்தி. ஆப்புக்கு அது எப்படித் தெரியும்? எந்தக் கட்டத்தில் இருந்தாலும் நம்பர் நம்பர்தான். புது வேலைக்குப் போக முடியவில்லை. பழைய வேலைக்குத் திரும்பலாம் என்றால் எங்கள் கேட்டிலும் அதே ஆப்.

அப்புறம்தான் நான் வாயைத் திறந்தேன். முதலில் செக்யூரிட்டி அதிகாரியிடம். எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் டீயை என் பக்கம் நகர்த்தினார்.

“இதுல என்னா மேடம் ரகசியம்? எல்லா கேட்டுலயும் இப்பிடித்தான் எழுதறாங்க. அந்தம்மா கையில நானே சாப்ட்டிருக்கன்.”

“அப்ப எடுத்துடுங்க சார்.”

“எடுக்கறதுக்கு எனக்கு பட்டன் இல்லீங்க. சேர்க்கறதுக்குத்தான் பட்டன். யாரு போட்டாங்களோ அவங்கதான் எடுக்கணும்.”

போட்டது யார் என்று விசாரித்தோம். தயிர்சாத டப்பாக்காரனைப் பிடித்த தொழிற்சாலை. அங்கே போனால், அந்தப் பதிவைச் செய்த செக்யூரிட்டி ஏஜென்சியை மாற்றிவிட்டார்களாம். புது ஏஜென்சிக்காரர், அது எங்கள் பதிவு இல்லை, எங்களால் தொட முடியாது என்றார். பழைய ஏஜென்சி தன் ஆட்களை மூட்டை கட்டி குஜராத்துக்கு அனுப்பியிருந்தது. அவர்கள் நம்பருக்கு நான் போட்ட போன்களுக்கு ஒரு பெண் குரல் கன்னடத்தில் பாட்டு மாதிரி ஏதோ சொல்லிவிட்டு வைத்தது.

எங்கள் மனிதவள மேலாளரிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இத வாயால சொன்னீங்க, சரி. எழுத்துல குடுத்துடாதீங்க. அடுத்த மாசம் கஸ்டமர் ஆடிட். படிவமெல்லாம் பொய்யின்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

“அந்தப் பொண்ணு வேலை போயிடும் சார்.”

“வேற கம்பெனி வேலைதான மேடம்? நம்ம வேலை இல்லியே.”

எனக்குக் கோபம் வந்தால் புத்தி பின்னால் வரும். அன்று மத்தியானமே என் பெயர், பதவி எல்லாம் போட்டு அந்த ஆப் நடத்தும் கம்பெனிக்கு ஒரு மெயில் எழுதினேன். இந்த எண் ஒரு மெஸ் நடத்தும் பெண்ணுடையது, உள்ளூரில் உறவு இல்லாத தொழிலாளிகளை இந்த எண்ணை எழுதச் சொன்னவள் நான், அவர்களுக்கும் இந்தப் பெண்ணுக்கும் எந்த உறவும் கிடையாது, இவருடைய மகள் இதனால் பாதிக்கப்பட்டிருக்கிறாள். ஒரு வரிகூட மறைக்கவில்லை. இரண்டாம் நாள் பதில் வந்தது. தகவலுக்கு நன்றி, பதிவில் சேர்க்கப்பட்டது. அதைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெஸ்ஸுக்கு ஓடிப்போய், சரியாகிவிட்டது என்று சொன்னேன். மகள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

மூன்று நாள் கழித்து அதிகாரி கூப்பிட்டார். இந்தத் தடவை அவர் திரையைக் காட்டத் தயங்கினார். அதுவரை மஞ்சளாக இருந்த வட்டம் சிவப்பாகியிருந்தது. அதன் கீழே ஒரு குறிப்பு. ‘தொடர்பில்லாத பலர் இந்த எண்ணை உறவினர் எண்ணாகப் பயன்படுத்தியுள்ளனர் என்பதை ஒரு நிறுவனத்தின் ஊழியர் எழுத்து மூலம் உறுதிப்படுத்தியுள்ளார்.’

ஒரு வார்த்தை பொய் இல்லை. எல்லாம் நான் எழுதியதுதான். அதன் முன்னாலும் பின்னாலும் இருந்ததை மட்டும் விட்டுவிட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மஞ்சளாகவே இருந்திருக்கும், மஞ்சளைச் சில கம்பெனிகள் கண்டுகொள்வதில்லை என்று அதிகாரி மெதுவாகச் சொன்னார். என் ஊர்ப்பக்கம் காட்டிலிருந்து யானை இறங்கினால் வாட்ஸப்பில் செய்தி வரும். ராகித் தோட்டத்தில் யானை, ஏரிக்கரையில் யானை என்று ஆளாளுக்குப் போடுவார்கள். நேற்று இறங்கிய யானையின் செய்தி நாலு நாள் சுற்றும். யானை திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது என்று யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. இந்த ஆப்பும் அப்படித்தான் இருந்தது. ‘போய்விட்டது’ என்று நான் எழுதினேன். அது இன்னொரு யானை என்று படித்துக்கொண்டது.

அன்று அக்காவிடம் போய் முழுதாகச் சொன்னேன். நான்தான் ஆரம்பித்தேன், நான்தான் கெடுத்தேன் என்று. திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“நீ எழுதச் சொன்ன. நான் ஆமான்னு சொன்னன். யாரப் போயி என்னான்னு கேக்கறது?”

ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுக் கேட்டார். “ஏம்மா, நானே போன் பண்ணி, அவங்க யாரும் எனக்கு உறவு இல்லன்னு சொல்லிடட்டுமா?”

“அப்ப முன்ன சொன்னது பொய்யின்னு ஆயிடும், அக்கா. நீங்க பேசுனதெல்லாம் பதிவு பண்ணி வெச்சிருக்காங்க.”

“எல்லாமேவா?”

“எல்லாமே.”

“நம்ம புள்ளதாங்கன்னு சொன்னது?”

“ஆமா, அக்கா.”

அவர் முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி பொறுக்க ஆரம்பித்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்து வரவும் முடியவில்லை.

புது சிம் வாங்கிப் பார்த்தார். அவர் பெயரில், அதே கதவு எண்ணில் வாங்கிய சிம். மகள் அதைப் போட்டு வேறொரு இடத்துக்கு விண்ணப்பித்தாள். இரண்டே நாளில் ஆப் புது நம்பரையும் பழைய வட்டத்தோடு கட்டிவிட்டது. எண்ணை மாற்றியது இன்னும் சந்தேகமாம். இதற்கிடையில் காண்ட்ராக்டர்கள் தங்கள் ஆட்களைக் கூப்பிட்டு, அந்த மெஸ் பக்கம் யாரும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மேஜைகள் நாலு இரண்டாயின. விரல் நசுங்கிய விழுப்புரத்துக்காரன் மட்டும், கேட்டிலிருந்து யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, பின்பக்கமாக வந்து சாப்பிட்டுப் போனான். அவன் சாப்பிடும்போது அக்கா சோற்றை அள்ளி அள்ளி வைத்தார்.

அத்திப்பள்ளிப் பக்கம், அதாவது கர்நாடக எல்லை தாண்டியதும், ஒரு தொழிற்சாலையில் பெண்களை எடுக்கிறார்கள் என்று அதிகாரிதான் சொன்னார். அங்கேயே பெண்கள் விடுதியும் உண்டு. அங்கேயும் அந்த ஆப் வந்துவிட்டதா என்று கேட்டேன். எல்லைக்கு அந்தப் பக்கம்தானே சார் அதைச் செய்தவர்களே இருக்கிறார்கள் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

“பொண்ணு பேரு மேல ஒண்ணும் இல்லீங்க மேடம்” என்றார் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு. “மாட்டுனவங்க மூஞ்சியத்தான் ஆப்பு தேடுது. அம்மாவோட பேரு, நம்பரு, அட்ரஸ், இந்த மூணும் வராம இருந்தா போதும்.”

ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, மெஸ்ஸில் ஆள் இல்லாத நேரத்தில், மூன்று பேரும் உட்கார்ந்து அந்தப் படிவத்தைப் போனில் நிரப்பினோம். தற்போதைய முகவரிக்கு விடுதி. நிரந்தர முகவரிக்கு ஆதாரில் இருந்த அவள் அப்பா ஊர். தந்தை என்ற இடத்தில் ‘உயிருடன் இல்லை’ என்ற கட்டத்தைத் தொட்டாள். கீழே இருந்த மூன்று கட்டங்களும் சாம்பல் நிறமாகி மூடிக்கொண்டன. அடுத்தது தாய். பெயர், எண், முகவரி, மூன்றுக்கும் சிவப்பு நட்சத்திரம். அதற்குப் பக்கத்திலும் அதே சின்னக் கட்டம் இருந்தது.

அவள் போனை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

“என்னா எழுதறது, ஆன்ட்டி?”

இத்தனை வருடமாக அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்கெல்லாம் யோசிக்காமல் பதில் சொன்னவள் நான். அன்று போனை அக்கா பக்கம் நகர்த்தினேன். அக்கா எட்டிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும். அந்தப் படிவம் தமிழிலும் இருந்தது.

“தொடு” என்றார்.

“அம்மா.”

“தொடுடி. கட்டந்தான? நான் இங்கதான குந்தினு இருக்கறன்.”

அவள் தொடவில்லை. அக்கா தன் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் தானே அந்தக் கட்டத்தைத் தொட்டார். முதல் தடவை திரை கேட்கவில்லை. வேலை செய்து வேலை செய்து காய்த்த விரல், தொட்டால் போனுக்குத் தெரிவதில்லை. மறுபடி துடைத்துவிட்டு அழுத்தித் தொட்டார். மூன்று கட்டங்களும் மூடிக்கொண்டன. பெற்றோர் இருவரும் இல்லாதவர்களுக்கு என்று புதிதாக ஒரு கட்டம் திறந்தது. பாதுகாவலர். அதில் நான் என் பெயரையும் என் நம்பரையும் போட்டேன்.

வேலை கிடைத்தது. அவள் விடுதிக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பேருந்து நிலையத்துக்கு அக்கா அவளை ஏற்றிவிடப் போவதில்லை. அவளுக்கு அங்கே உடம்பு சரியில்லாமல் போனாலும் போன் எனக்குத்தான் வரும். இதை அக்கா ஒருநாள் தானாகவே கணக்குப் போட்டுச் சொன்னார். “உனக்கு வந்தா என்னா, நீ ஒடனே எனக்குச் சொல்லிடுவ” என்றார். சொல்லிவிடுவேன் என்றேன். எத்தனை பிள்ளைகளுக்காக ஆட்டோ பிடித்து ஓடியவர் அவர்.

அவள் சேர்ந்த இரண்டாவது வாரம், மத்தியானம், நான் மெஸ்ஸில் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. தெரியாத நம்பர். சரிபார்ப்புக்காகப் பேசுகிறோம் என்றது ஒரு பெண்பிள்ளையின் குரல். சின்னப் பெண்ணாக இருக்க வேண்டும், மரியாதையாகப் பேசினாள். அக்கா சாம்பார் வாளியோடு வந்து என் பக்கத்தில் நின்றார்.

“மேடம், இவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

“நம்ம பொண்ணுதாங்க” என்றேன். அக்கா காதில் விழுந்தது. யார் பேசுகிறார்கள் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கரண்டியை வாளிக்குள்ளேயே நிறுத்திக்கொண்டார்.

“அவங்களுக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லீங்களா, மேடம்?”

“இல்லீங்க.”

“அம்மா எப்ப தவறுனாங்க?”

இதைக் கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. யோசித்து வைத்திருக்கவும் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பெண் கேட்டது அவருக்கும் கேட்டிருந்தது. அக்கா ஒரு கையில் வாளியைப் பிடித்தபடி, மற்றக் கையை என் முகத்துக்கு நேராக நீட்டி, இரண்டு விரலைக் காட்டினார்.

“ரெண்டு வருசம் ஆச்சுங்க” என்றேன்.

நன்றி சொல்லி அந்தப் பெண் வைத்துவிட்டாள். இந்தப் பேச்சும் எங்கேயோ பதிவாகியிருக்கும். அக்கா என் தட்டில் சாம்பாரை ஊற்றினார்.

“சாப்புடு” என்றார். “ஆறிடும்.”